வெண்ணெய்க் கார்

உலகத்தில் கார் ஓட்டுகிற அத்தனை பேரும் சிக்னலில் பச்சை விழ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். சிவப்பு விழ வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொள்கிற ஆத்மா ஒன்று உண்டென்றால், அது கேக் அக்காவின் வீட்டுக்காரர்தான். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்கனம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது காதில் விழுந்தபோது மனிதர் கோபப்படவில்லை, பட்டம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

குழாய்க் கம்பெனி ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவில் அவருக்கு வேலை. ஒரு திருகாணி வாங்குவதற்கு ஊரெல்லாம் விலை விசாரிக்கிற உத்தியோகம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்து, கடைசியில் புதுக் காருக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அது நின்றால் அணைகிற கார். சிக்னலில் பிரேக்கை அழுத்தி நின்றால் எஞ்சின் தானாக அடங்கும், காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். இப்படி அணைந்து கிடந்த நேரத்தையெல்லாம் கார் கூட்டிக் கூட்டித் தன் திரையில் காட்டும். விற்ற ஷோரூம்காரர்கள் சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். யாருடைய காரில் அணைந்த நேரம் அதிகமோ, அவருக்கு 'எரிபொருள் காவலர்' என்ற பட்டமும் பரிசும் உண்டு.

"ஓடாத நேரத்துக்குத்தான் பரிசுன்னா, கார் வாங்காம வீட்டுல இருக்கிறவனுக்குத்தானே முதல் பரிசு கொடுக்கணும்?" என்று கேக் அக்கா கேட்டாள்.

சிக்கனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போக நேர் ரோடு இருக்க, சிக்னல் மண்டிக் கிடக்கிற ரோடாகப் பார்த்துச் சுற்றிச் சுற்றிப் போனார். சுற்றியதில் எரிந்த பெட்ரோலைப் பற்றி மட்டும் யாரும் பேசக் கூடாது. போட்டியில் அது கணக்கில் சேராது. சாயங்காலம் ஆனால் திரையைப் படம் எடுத்துப் போட்டிக்காரர்களின் குழுவில் போடுவார். அவருக்குச் சரிக்குச் சமமாக ஒரு பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். டாக்டரின் படம் வந்துவிட்டால் சிக்கனத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. குளிரை உண்டாக்குகிற கம்ப்ரசர் எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், பாட்டரியில் ஓடுகிற விசிறி மட்டும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். முதலில் ஜில்லென்று வரும், பிறகு சுமாராக வரும், அப்புறம் யாரோ முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். காரைச் செய்தவனுக்குக் கொஞ்சம் மனசாட்சி இருந்தது. உள்ளே சூடேறினால் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும்படி வைத்திருந்தான். ஏசியை உச்சக் குளிருக்குத் திருப்பினால் எஞ்சின் அணையவே அணையாது. இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்காகக் கியருக்குப் பக்கத்தில் வளைந்த அம்பு போட்ட ஒரு பட்டனும் வைத்திருந்தான். அதை ஒரு தடவை அமுக்கினால் அந்தப் பயணம் முழுக்க அணைகிற பேச்சே கிடையாது.

சிக்கனம் அந்த மனசாட்சிக்கும் வழி கண்டுபிடித்தார். ஏசியைப் பேருக்குப் போட்டு, குளிரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து வைத்தால், உள்ளே எல்லாரும் சுகமாக இருப்பதாகக் கார் நம்பிவிடும். காரை ஏமாற்றினால் போதும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களை ஏமாற்ற வேண்டியதில்லை, அவர்கள் கையில் பட்டன் கிடையாது.

இந்த நேரத்தில்தான் கேக் அக்காவுக்கு அந்த ஆர்டர் வந்தது. வீட்டுச் சமையலறையில் கேக் செய்து விற்கிறவள் அவள். பிறந்தநாள் வந்தால் வேலை, வராவிட்டால் ஓவன் தூங்கும். பரிசளிப்பு நாளன்று வெட்டுவதற்குப் புது மாடல் கார் வடிவத்தில் கேக் வேண்டும் என்று ஷோரூமில் கேட்டார்கள். கூடவே மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார்: "இது நல்லா வந்துச்சுன்னா, இனிமே ஒவ்வொரு கார் டெலிவரிக்கும் உங்க கேக்தாம்மா."

அந்த ஒரு வார்த்தையில் அவள் பாதி உயிரை வைத்துவிட்டாள். தெருமுனையில் ஒரு சின்னக் கடை காலியாகக் கிடந்தது. வாசலில் கண்ணாடி, உள்ளே ஒரு மேடை, பின்னால் ஓவன் வைக்க இடம். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதன் இரும்புக் கதவைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். தினமும் ஒரு கேக் போகும் என்றால் அந்தக் கதவைத் தூக்கிவிடலாம்.

கார் கேக்கை அவள் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். கூரை வளைவு, கண்ணாடிகளின் சரிவு, முன்பக்கச் சிரிப்பு, எல்லாம் அச்சு அசல். சக்கரங்கள் சாக்லேட் பிஸ்கட். மேலே முழுக்க வெண்ணெயை அடித்து அடித்துச் செய்த பட்டர் கிரீம், கத்தியால் இழைத்து இழைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தாள். குளிர்பெட்டி வைத்த வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசலாம் என்றபோது சிக்கனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்டுல கார் இருக்கும்போது வாடகை வண்டியா? நானும் அங்கதானே வர்றேன்? கார்க்காரன் பொண்டாட்டி வாடகை வண்டியில வந்து இறங்கினா சிரிப்பாங்க."

"அப்ப ஏசியை நல்லா வைக்கணும். முழுக்க பட்டர் கிரீம். கொஞ்சம் சூடு பட்டாலும் சரிஞ்சிடும்."

"ஏசி போட்டுத்தான் ஓட்டுவேன். போடமாட்டேன்னு சொன்னேனா?"

அந்தப் பதிலில் குளிர் என்கிற வார்த்தை இல்லாததை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, பாவம்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் கிளம்பினார்கள். முழங்கால் வலி என்று மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்தார். மகன் பரிசு வாங்குவதைப் பார்க்க நல்ல புடவையில் வந்திருந்தார். பின் சீட் சாய்வானது, அதில் வைத்தால் கேக் வழுக்கும். அதனால் கேக் அக்கா பலகையோடு அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சிக்கனத்தின் ஒரு கண் ரோட்டில், ஒரு கண் திரையில். டாக்டர் காலையில் போட்டிருந்த படத்தில் இவரை ஒரு மயிரிழை தாண்டியிருந்தார். ஷோரூமுக்குள் நுழையும்போது திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிக் கணக்கு.

முதல் சிக்னல் தூரத்தில் பச்சையாக இருந்தது. கார் நடை போட ஆரம்பித்தது.

"என்னங்க, பச்சைதானே?"

"மாறிடும்."

"மாறுறதுக்குள்ள போயிடலாமே."

"அவசரம் எதுக்கு? பாதுகாப்பா போவோம்."

பின்னால் ஹாரன்கள் வைது தீர்த்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, அம்மா அப்பாவையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். சிக்கனம் அசையவில்லை. சிவப்பு விழுந்தது, கார் நின்றது, எஞ்சின் அடங்கியது. திரையில் நேரம் ஓட ஆரம்பித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

காற்றுத் துளையிலிருந்து வந்த காற்று கொஞ்ச நேரத்தில் சப்பென்று ஆனது. பச்சை விழுந்து கார் கிளம்பி, குளிர் எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த சிக்னல். மறுபடி அடங்கியது. மறுபடி சப்பென்ற காற்று. மாமியார் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டார்.

"அத்தை, வேர்க்குதா?"

"லேசாத்தான்மா."

"கியர் பக்கத்துல வளைஞ்ச அம்பு போட்ட பட்டன் இருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் அமுக்குங்களேன். எஞ்சின் நிக்காது, ஏசி ஓடும். எனக்குக் கை எட்டலை, விட்டா கேக் கவுந்துடும்."

மாமியார் பட்டனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியாததாம்மா?"

பட்டர் கிரீம் கெடப் போகிறது என்றால் முதலில் மினுமினுக்கும். கூரையின் ஓரத்தில் அந்த மினுமினுப்பை அவள் பார்த்தாள். குனிந்து வாயால் ஊதினாள். ஊதினால் மூச்சுச் சூடும் சேர்கிறது என்று பட்டதும் அதையும் நிறுத்தினாள்.

"இது எந்த ரோடுங்க? நேரா போயிருந்தா இந்நேரம் சேர்ந்திருப்போமே."

"அந்த ரோட்டுல பாலம் இருக்கு."

"பாலத்துல என்ன?"

"சிக்னல் இல்லை."

அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் முகத்தில் கடுகு போட்டால் பொரிந்திருக்கும். அந்தச் சூட்டுக்கே கேக் உருகிவிடுமோ என்று பயந்து அதையும் அடக்கிக்கொண்டாள். இறங்கிவிடலாம் என்றால் வெளியே வெயில் இதைவிட மோசம். நட்டநடு ரோட்டில், மடியில் வெண்ணெய்க் காரோடு அவள் எங்கே போவாள்?

அடுத்து வந்தது ரயில்வே கேட். அது அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. கேட் மூடுவதைப் பார்த்து முகம் மலர்ந்த மனிதரை அந்தக் கேட்காரர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"அடிச்சுது யோகம். இந்த ஒரு கேட் போதும், டாக்டர் காலி."

எஞ்சின் அணைந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நெருக்கி நின்றன. வெயில் கண்ணாடி வழியாக நேராக மடியில் விழுந்தது. கூரை நடுவில் குழிந்தது. முன்பக்கச் சிரிப்பு ஒரு பக்கம் கோணியது.

"என்னங்க, என் கேக் உருகுது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அந்தப் பட்டனை அமுக்குங்க. நான் எவ்வளவு பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் குரல் உடைந்தே போனது.

"இதோ முடிஞ்சுது. ரயில் வந்துடும்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் திரையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கும்.

காருக்கே பொறுக்கவில்லை. உள்ளே சூடு தாங்காமல் எஞ்சினைத் தானாகக் கிளப்பியது. குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வந்தது. அவள் 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள் சிக்கனம் பதறிப்போய் ஏசியை ஒரேயடியாக அணைத்தார். காரைக் கொஞ்சம் முன்னால் உருட்டி, மறுபடி பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் அடங்கியது. இரும்புக்கு இருந்த இரக்கம்கூட இந்த மனிதருக்கு இல்லையே என்று கேக் அக்கா நினைத்தாள். ரயில் வந்து போனது, ஒரு சக்கரம் நழுவி அவள் புடவையில் விழுந்தது.

ஷோரூமுக்குள் நுழைந்தால் எலும்பு வரைக்கும் குளிர். கதவைத் திறந்து போட்டே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எரிபொருளைக் காக்கிற விழாவில் அங்கே மட்டும் எதுவும் அணைவதாக இல்லை. அந்தக் குளிரும் அவளுக்குக் கெடுதல்தான் செய்தது. சரிந்த பட்டர் கிரீம் சரிந்தபடியே இறுகிவிட்டது. கத்தியை எடுத்து இழைத்துப் பார்த்தாள், பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது.

மேனேஜர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது நம்ம காரா?"

"உங்க கார்தான் சார். உங்க கார்லதான் கொண்டுவந்தேன்."

"ஆக்சிடென்ட் ஆன வண்டி மாதிரி இருக்கேம்மா. கார் வாங்க வந்தவங்க முன்னாடி இதை எப்படி வைக்கிறது?"

"சார், ஒவ்வொரு சிக்னல்லயும் ஏசி நின்னு போச்சு. அதனாலதான்..."

"மெதுவா பேசுங்க" என்றார் அவர் அவசரமாக, சுற்றிலும் பார்த்துக்கொண்டு. புதுக் காரை மூடுகிற பளபளப்பான துணியில் ஒன்றை எடுத்து, மேடையோர மேஜையில் இருந்த கேக்கின் மேல் போட்டார். "டெலிவரி கேக் விஷயம் பிறகு பார்க்கலாம்மா."

பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெருமுனைக் கடையின் இரும்புக் கதவு அவள் கண்முன்னால் ஒரு தடவை உயர்ந்து, அப்படியே கீழே இறங்கியது. ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழவில்லை.

மேடையில் சிக்கனத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் காலி. மனிதருக்கு வாயெல்லாம் பல். ஒரு கோப்பையும், காருக்குள் வைத்துக்கொள்ளும் சின்ன மின்விசிறி ஒன்றும் கொடுத்தார்கள். மாமியார் கை வலிக்கத் தட்டினார். வெற்றியின் ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று மேனேஜர் மைக்கை நீட்டினார். பாவம், அவருக்கு இவரைத் தெரியாது.

சிக்கனம் நெஞ்சை நிமிர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். பச்சையில் மெதுவாகப் போவது, பாலத்தைத் தவிர்ப்பது, ஏசியைப் பேருக்குப் போட்டுக் காரை நம்பவைப்பது, ஒன்றைக்கூட விடவில்லை. முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். அன்றைக்கு முன்பணம் கட்ட வந்தவர் அவர்.

"சார், அப்ப சிக்னல்ல நிக்கும்போது ஏசி வராதா?"

"காத்து வரும்."

"ஜில்லுன்னு வருமா?"

"காத்து வரும் சார்."

மேனேஜர் மைக்கை வாங்கப் பார்த்தார். சிக்கனம் கொடுக்கவில்லை.

"எதுக்கு சந்தேகம்? இன்னிக்கு இந்த வெயில்ல, இதே கார்ல, என் வீட்டம்மா பட்டர் கிரீம் கேக்கை மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க. கேக்குக்கே ஒண்ணும் ஆகலை. நமக்கு என்ன ஆயிடப்போகுது? நீங்களே பாருங்க."

வழியெல்லாம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத மனிதர், அத்தனை பேர் முன்னால் துணியை விசுக்கென்று இழுத்தார்.

கூரை அமுங்கி, மூஞ்சி தொங்கி, ஒரு சக்கரம் இல்லாமல் வெண்ணெய்க் கார் எல்லாரையும் கோணலாகப் பார்த்துச் சிரித்தது.

"கேக்கே இப்படின்னா, நாம என்ன ஆவோம்?" என்றார் வழுக்கைத் தலைக்காரரின் மனைவி. மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார், கடைசி வரிசை வரை கேட்டது. இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அவர்கள் பின்னாலேயே இன்னும் சிலர் எழுந்தார்கள். சிக்கனம் கையில் துணியோடு அசடு வழிய நின்றார். கேக் அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அங்கே கிடந்தது அவளுடைய கேக் அல்லவா.

விழா அத்தோடு சுருங்கிவிட்டது. கேக்கை எடுத்துக்கொண்டு போய்விடும்படி மேனேஜர் ஆள் விட்டுச் சொன்னார். காருக்கு அருகில் வந்ததும் கேக் அக்கா கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்க."

"நான் ஓட்டறேனே."

"நீங்க பின்னாடி உட்காருங்க. கேக்கை யார் பிடிக்கிறது? அத்தைக்கு முழங்கால் வலி. நான் வரும்போது பிடிச்சாச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறினார். பரிசுக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை, ஒரு தூசி படாமல் அவர் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற வெளிர் நிறச் சீட், மடியில் கேக். மாமியார் முன்னால் உட்கார்ந்து, பரிசாக வந்த மின்விசிறியை எடுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

கேக் அக்கா ஏசியைப் போட்டாள். அவர் எப்படி வைப்பாரோ அப்படியே, பேருக்கு.

"பாலத்து வழியா போயிடலாமா?" என்றார் அவர்.

"எதுக்கு? உங்களுக்குப் பிடிச்ச ரோட்டுலயே போவோம்."

முதல் சிக்னலில் சிவப்பு தானாகவே விழுந்தது. எஞ்சின் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் காற்று சப்பென்று ஆனது. இரண்டாவது சிக்னலில் பின்னாலிருந்து, "ஐயையோ, ஒழுகுது," என்று குரல் வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். சட்டையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது. வெயில் பின் சீட்டில் நேராக விழுந்தது.

"சீட்டெல்லாம் போச்சு. அந்த அம்பு பட்டனை அமுக்கேன். போட்டிதான் முடிஞ்சு போச்சே."

"பெட்ரோல் மிச்சமாகுதுங்க."

"விளையாடாத. எனக்குக் கை எட்டலை, விட்டா கவுந்துடும். அமுக்கு."

அவள் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்தாள். அதில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வரும்போது அவள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் இப்போது தானும் சொல்கிறோம் என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"அம்மா, நீங்களாவது அமுக்குங்கம்மா. உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு."

மாமியார் பட்டனைப் பார்த்தார். கண்ணாடியில் மகனைப் பார்த்தார். கழுத்து வரை வெண்ணெய். பிறகு பக்கத்தில் மருமகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து நின்றது, கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. மாமியார் விசிறியைக் கொஞ்சம் திருப்பி அவள் பக்கமும் காற்று வருகிற மாதிரி வைத்தார். பிறகு விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியாததாப்பா?" என்றார்.